டிராஃப்ட் கிரேடு எதை அளக்கிறது? சியாட்டில் அணியின் 2012-ஆம் ஆண்டுத் தேர்வை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

2012 ஏப்ரல் 28, சனிக்கிழமை. நியூயார்க் நகரின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் 253-ஆவது வீரரின் பெயர் வாசிக்கப்பட்டதோடு அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டின் டிராஃப்ட் நிறைவடைந்தது. பெயர் வாசிக்கப்பட்ட இளைஞர்களில் ஒருவர்கூட அதுவரை என்எஃப்எல் ஆட்டம் ஒன்றில் பந்தைத் தொட்டதில்லை. ஆனாலும் ஓரிரு நாள்களுக்குள் ஊடக நிபுணர்களிடமிருந்து 32 அணிகளுக்கும் பள்ளிக்கூடத்து முன்னேற்ற அறிக்கை போல ஏ, பி, சி என்று கிரேடுகள் வந்துவிட்டன. சியாட்டில் சீஹாக்ஸ் அணி அந்தப் பட்டியல்களில் அடிமட்டத்தில் கிடந்தது. அதற்கு நேராக எஃப் போட்டவர்களும் உண்டு. 2014 பிப்ரவரி 2 அன்று அதே அணி, அந்த ஏப்ரலில் எடுத்த வீரர்கள் பலரைக் களத்தில் இறக்கி, டென்வர் பிராங்கோஸை 43-8 என்ற கணக்கில் நொறுக்கி, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பையை வென்றது.

நிபுணர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வாதிட விரும்பும் ரசிகர்கள் இந்தக் கதையைத்தான் இன்றுவரை முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பார்க்க வேண்டுமானால், கிரேடு என்பது எதை அளப்பதற்காகப் போடப்படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வீரர்கள் வருங்காலத்தில் எப்படி ஆடுவார்கள் என்பதற்கான மதிப்பெண் என்றே பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறார்கள். கிரேடு போடுபவரோ, ஓர் அணி தன் கையிலிருந்த வாய்ப்புகளை என்ன விலைக்குச் செலவழித்தது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார். சந்தையிலிருந்து திரும்பியவரிடம் ஒருவர் "பொருள் எப்படி?" என்று கேட்கிறார், மற்றவர் "என்ன விலைக்கு வாங்கினாய்?" என்று கேட்கிறார், இருவரும் ஒரே கேள்வியைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். டிராஃப்ட் கிரேடு பற்றிய வாதங்களில் பெரும்பகுதி இந்த வகைதான்.

டிராஃப்ட் நடக்கும் விதம்

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிவதும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. அதன் தொழில்முறைக் களம் என்எஃப்எல் எனப்படும் தேசியக் கால்பந்து லீக். அதற்கு நாற்றங்கால் கல்லூரி அணிகள். பள்ளிப் படிப்பு முடிந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆன வீரர்களை, 32 அணிகளும் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் ஆண்டு நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். மூன்று நாள்களில் ஏழு சுற்றுகள் நடக்கும். முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி ஒவ்வொரு சுற்றிலும் முதலில் எடுக்கும். கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். ஓர் அணி ஓர் ஆண்டில் எடுத்த அனைவரையும் சேர்த்து அந்த ஆண்டின் 'டிராஃப்ட் கிளாஸ்' என்பார்கள். கல்லூரிக் காலத்து நண்பர்களை நாம் 'எங்கள் செட்' என்று சொல்வதைப் போன்ற வழக்கு அது. இந்தக் கட்டுரையிலும் செட் என்றே சொல்கிறேன்.

இந்த முறையை 1935-இல் முன்மொழிந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல். வசதியும் வெற்றியும் உள்ள அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போகின்றன, தோற்கும் அணிகள் மேலும் தோற்கின்றன என்பது அவருடைய குறை. 1936-இல் பிலடெல்பியாவின் ஓர் ஓட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பெயராக அவருடைய ஈகிள்ஸ் அணியே ஜே பெர்வாங்கரை எடுத்தது. கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்குத் தரப்படும் ஹெய்ஸ்மன் விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர். என்எஃப்எல்லில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. டிராஃப்ட் வரலாற்றின் முதல் தேர்வே வரவில் வைக்க முடியாத தேர்வாகப் போயிற்று. நல்ல வேளையாக அன்று கிரேடு போட யாரும் இல்லை.

டிராஃப்ட் ஏலம் அன்று. அங்கே யாரும் தொகை கூவுவதில்லை. அங்கே பணத்தின் இடத்தில் இருப்பது வரிசை எண். முன்னதாக எடுக்கப்பட்டவருக்குக் கூடுதல் சம்பளம், பின்னதாக எடுக்கப்பட்டவருக்குக் குறைந்த சம்பளம் என்று ஏறத்தாழ ஒரு படிக்கட்டே, லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான 2011-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டப்பட்டுவிட்டது. அணிகள் தங்கள் இடங்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம்: ஒரு முன்னிடத்தைக் கொடுத்து இரண்டு மூன்று பின்னிடங்களை வாங்கலாம், வருகிற ஆண்டின் இடத்தை இப்போதே அடகு வைப்பதுபோல விற்கலாம். இத்தகைய மாற்றுகளுக்கு நாணய மதிப்பு போன்ற ஒன்று தேவைப்பட்டதால், 1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டல்லஸ் கவ்பாய்ஸ் அணி ஒவ்வோர் இடத்துக்கும் புள்ளி குறித்து ஓர் அட்டவணை தயாரித்தது. முதல் இடத்துக்கு 3,000 புள்ளிகள். முதல் சுற்றின் கடைசியான 32-ஆவது இடத்துக்கு 590. பிற்காலத்தில் வேறு அட்டவணைகள் வந்துவிட்டாலும், ரசிகர்கள் மனக்கணக்குப் போடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

கிரேடு போடுபவரின் மேசை

டிராஃப்ட் நீண்ட காலம் ஓட்டல் அறைக்குள் நடக்கும் அலுவலகக் காரியமாகவே இருந்தது. 1980-இல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி அதை நேரலையாகக் காட்டத் தொடங்கியது. 1984-இல் மெல் கைப்பர் என்ற இளைஞர் அந்தத் திரையில் நிபுணராக அமர்ந்தார். கல்லூரி வீரர்களை ஆண்டு முழுவதும் கவனித்துத் தரவரிசைப்படுத்துவதையே ஒரு தொழிலாக்கியவர்களில் அவர் முன்னோடி. 1994-இல் இண்டியானபோலிஸ் கோல்ட்ஸ் அணி ஐந்தாவது இடத்தில் ட்ரென்ட் டில்ஃபரை விட்டுவிட்டு ட்ரெவ் ஆல்பர்ட்ஸை எடுத்ததை அவர் நேரலையிலேயே கடுமையாகக் குறைகூற, அந்த அணியின் நிர்வாகி பில் டோபின் அதே நேரலையில், யார் இந்த மெல் கைப்பர் என்று சீறினார். ஆல்பர்ட்ஸ் காயங்களால் மூன்றே பருவங்களில் ஓய்ந்துபோனார். ஆனால் அதே செட்டில் இரண்டாவது இடத்தில் கோல்ட்ஸ் எடுத்த மார்ஷல் ஃபால்க், ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெறும் அளவுக்கு உயர்ந்தார். அந்தச் செட்டுக்கு ஒரே எழுத்தில் கிரேடு போடச் சொன்னால் என்ன எழுத்துப் போடுவது? இந்தத் தொழிலில் உள்ள அடிப்படைச் சங்கடம் இதுதான்.

கிரேடு உருவாகும் வழி அத்தனை மர்மமானது அன்று. நிபுணர் டிராஃப்டுக்கு முன்பே, தமக்குத் தெரிந்த வீரர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வைத்திருப்பார். இதைத் துறைக்காரர்கள் 'பிக் போர்டு' என்பார்கள். ஓர் அணி 15-ஆவது இடத்தில் ஒருவரை எடுக்கிறது, நிபுணரின் பட்டியலில் அவர் 45-ஆவது ஆள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது இடம் முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள், பொறுத்திருந்தால் இரண்டாம் சுற்றில் கிடைத்திருப்பார் என்று அவர் குறித்துக்கொள்வார். இதற்கு 'ரீச்' என்று பெயர். கைக்கு எட்டாததை எக்கி எடுத்தது என்ற பொருளில். இதற்கு நேர்மாறாக, பட்டியலில் 45-ஆவதாக இருந்தவரை 75-ஆவது இடத்தில் எடுத்தால் அது 'ஸ்டீல்'. மலிவு விலைக்கு மடக்கிய சரக்கு. பெரிய எதிர்பார்ப்போடு எடுக்கப்பட்டுச் சோபிக்காமல் போனவர் 'பஸ்ட்'. ஆனால் இந்த மூன்றாவது சொல்லைச் சொல்ல சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டையும் அன்றிரவே சொல்லிவிடலாம் என்பதால் கிரேடுகள் அவற்றைக் கொண்டே எழுதப்படுகின்றன. இதோடு அணியின் ஓட்டைகள் அடைபட்டனவா, இடமாற்றுப் பேரங்களில் லாபமா நட்டமா என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டால் கிரேடு தயார்.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிபுணர்கள் ஒருவர் பட்டியலை மற்றவர் பார்க்காமல் இல்லை; ஏப்ரல் வருவதற்குள் பட்டியல்கள் ஒன்றையொன்று நெருங்கி ஏறத்தாழ ஒரு பொதுக்கருத்தாக உறைந்துவிடுகின்றன. அணிகளோ தங்கள் பட்டியலை வெளியே காட்டுவதில்லை; மருத்துவ அறிக்கையும் நேர்காணலும் கல்லூரிப் பயிற்சியாளரிடம் தனியாகப் பேசியதும் அவற்றில் சேர்ந்திருக்கும். ஆகவே கிரேடு என்பது, ஓர் அணியின் மூடிய பட்டியலுக்கும் ஊரறிந்த பட்டியலுக்கும் இடையிலுள்ள தூரத்தின் அளவு என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊர்ப் பட்டியலில் மேலே இருந்தவர்களை வரிசைப்படி எடுத்த அணிக்கு ஏ கிடைக்கிறது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். பல கண்கள் பார்த்து உண்டான பொதுக்கருத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஏ, வீரர் நன்றாக ஆடுவார் என்பதற்கான உத்தரவாதச் சீட்டு ஆகாது.

சியாட்டில் என்ன செய்தது?

2012-இல் சியாட்டிலின் கையில் முதல் சுற்றில் 12-ஆவது இடம் இருந்தது. பயிற்சியாளர் பீட் கேரலும் பொது மேலாளர் ஜான் ஷ்னைடரும் அதை ஈகிள்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, 15-ஆவது இடத்தையும் கூடவே 114, 172 ஆகிய இரண்டு பின்னிடங்களையும் பெற்றார்கள். பழைய அட்டவணையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12-ஆவது இடம் 1,200 புள்ளிகள், 15-ஆவது 1,050. மூன்று படி இறங்கியதில் விட்டது 150. திரும்பக் கிடைத்த 114-ஆவது இடத்துக்கு 66 புள்ளிகள், 172-ஆவதற்கு ஏறத்தாழ 23, ஆக 89. பேரம் முடிந்த நொடியிலேயே சியாட்டில் சுமார் 60 புள்ளிகள் நட்டத்தில் நின்றது.

அதற்குப் பிறகு அந்த 15-ஆவது இடத்தில் அவர்கள் எடுத்தது வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் புரூஸ் இர்வின். எதிரணியின் பந்தெறிவாளரை விரட்டிப் பிடிப்பதில் மின்னல் வேகம் உடையவர்; மற்றபடி அந்த இடத்து ஆட்டக்காரருக்கு வேண்டிய உடற்கட்டு இல்லாதவர் என்பது பொதுவான கணிப்பு. பெரும்பாலான பட்டியல்களில் அவர் முதல் சுற்றிலேயே இல்லை. தொலைக்காட்சியில் திகைப்பு, ரசிகர்களிடம் குமுறல். அவருக்குப் பின் 21-ஆவது இடத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்குப் போன சாண்ட்லர் ஜோன்ஸ் அதே வகை ஆட்டக்காரர். அப்போது பலர் கேட்ட "ஏன் அவரை எடுக்கவில்லை?" என்ற கேள்வி, இன்றைக்கும் செல்லக்கூடிய கேள்விதான்.

இரண்டாம் சுற்றில் சியாட்டில் 43-ஆவது இடத்திலிருந்து 47-க்கு மீண்டும் இறங்கி, யூட்டா ஸ்டேட் என்ற அதிகம் பேசப்படாத கல்லூரியின் லைன்பேக்கர் (தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னே நிற்பவர்) பாபி வேக்னரை எடுத்தது. மூன்றாம் சுற்றில் 75-ஆவது இடத்தில் வந்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சன். குவார்ட்டர்பேக் என்றால் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர், அணியின் மூளை. ஆறடி நான்கங்குலம் உள்ளவர்களைத் தேடும் அந்த இடத்துக்கு வில்சனின் உயரம் ஐந்தடி பதினொரு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. தவிர, சியாட்டில் அதற்கு முந்தைய மாதம்தான் மேட் ஃபிளின் என்ற குவார்ட்டர்பேக்கை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கோடியே 95 லட்சம் டாலர் பேசி அழைத்து வந்திருந்தது. புது மாப்பிள்ளை வந்து இறங்கிய மறுமாதமே இன்னொருவரையும் எதற்குக் கூட்டிவந்தார்கள் என்று கேட்காதவர் இல்லை.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை கிரேடு எழுத உட்கார்ந்தவரின் முன்னே இருந்தவை இவை: அட்டவணைப்படி நட்டமான ஒரு பேரம், முதல் சுற்றில் ஒரு ரீச், குள்ளமான, தேவையில்லாததாகத் தோன்றிய ஒரு குவார்ட்டர்பேக், அவருக்குப் பின் நான்காம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை எடுக்கப்பட்ட ஏழு பேர். தம் முறைக்கு உண்மையாக இருந்தால் அவர் நல்ல கிரேடு போட்டிருக்க முடியாது. எஃப் போட்டது மிகைதான். ஆனால் சி போட்டவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆகஸ்டு மாதப் பயிற்சி ஆட்டங்களிலேயே வில்சன் ஃபிளினை முந்தி முதல் ஆட்டத்திலிருந்தே தலைமைக் குவார்ட்டர்பேக் ஆனார். முதல் பருவத்திலேயே 26 டச்டவுன் எறிதல்களோடு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது டச்டவுன்), புதுமுக வீரர்களுக்கான பெய்ட்டன் மேனிங்கின் அன்றைய சாதனையைச் சமன் செய்தார். முந்தைய இரண்டு பருவங்களிலும் 7 வெற்றி, 9 தோல்வி என்றிருந்த அணி 11 வெற்றி, 5 தோல்வி என்று மாறியது. வேக்னர் பின்னாளில் ஆறு முறை லீகின் தலைசிறந்த வீரர்கள் அடங்கிய அணியில் ஒருவராகத் தேர்வானார். ஏழாம் சுற்றில் 225-ஆவதாக எடுக்கப்பட்ட ஜே.ஆர். ஸ்வீஸி கல்லூரியில் தற்காப்பு வரிசையில் ஆடியவர். அவரைத் தாக்குதல் வரிசைக்கு மாற்றிப் பழக்கினார்கள். சூப்பர் பவுலில் அவர் தொடக்க ஆட்டக்காரர்.

இந்த வெற்றியில் விலைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் சுற்றில் வந்தவர் என்பதால் வில்சனின் நான்காண்டு ஒப்பந்தம் மொத்தமாகவே சுமார் 30 லட்சம் டாலர்தான். அணிகள் செலவிடக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள லீகில், குவார்ட்டர்பேக்குக்கு இவ்வளவு குறைவாகக் கொடுத்த அணியால் மற்ற இடங்களில் தாராளமாகச் செலவிட முடிந்தது. விலையை வைத்தே கிரேடு போட்டவர்கள், அந்தச் செட்டிலேயே மிக மலிவான விலையைத்தான் பார்க்கத் தவறினார்கள்.

இர்வின்? முதல் பருவத்தில் எட்டு முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். பயனுள்ள ஆட்டக்காரராக நான்கு பருவங்கள் இருந்துவிட்டு வேறு அணிக்குப் போனார். சாண்ட்லர் ஜோன்ஸோ தம் வாழ்நாளில் நூறுக்கும் மேற்பட்ட முறை அதைச் செய்துகாட்டினார். அதாவது, நிபுணர்கள் மிக உரக்கக் குறைகூறிய தேர்வில் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர்கள் இடறியது, அதிகம் பேசாமல் தாண்டிப்போன மற்ற தேர்வுகளில். முதல் சுற்றுத் தேர்வின் நிழல் முழுச் செட்டின் மேலும் விழுந்துவிட்டது. கிரேடுகளில் நான் மிகுதியாகக் காணும் குறை இதுவே.

ரசிகர்கள் எதற்காகச் சண்டையிடுகிறார்கள்?

இத்தகைய வாதங்களைப் புதிதாகக் கேட்பவருக்கு வெறும் கூச்சலாகத் தோன்றலாம். காதைக் கொடுத்துக் கேட்டால் அடிப்படையில் சில நிலைப்பாடுகளே திரும்பத் திரும்ப மோதுவது தெரியும்.

மிகப் பெரிய கட்சி, "மூன்று ஆண்டு பொறு" கட்சி. ஆடாத வீரனுக்கு என்ன மதிப்பெண், பரீட்சை எழுதும் முன்பே ரிசல்ட் போடுவதா என்பது அவர்கள் கேள்வி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டு கழித்துப் போடப்படும் கிரேடும் தூய்மையானது அன்று. அதற்குள் பயிற்சியாளரின் திறமை, உடன் ஆடுபவர்களின் தரம், முழங்காலின் ஆயுள் எல்லாம் அதில் கலந்துவிடுகின்றன. டிராஃப்ட் மேசையில் எடுத்த முடிவு நல்ல முடிவா என்ற கேள்விக்கு, அந்த மேசையில் அன்று கிடைத்த தகவலை வைத்துத்தான் விடை சொல்ல முடியும். சீட்டாட்டத்தில் சரியாக ஆடியும் தோற்பவர் உண்டு, தவறாக ஆடியும் ஜெயிப்பவர் உண்டு. கிரேடு போடுவோர் தங்களைத் தற்காத்துக்கொள்ளச் சொல்லும் வாதங்களில் எனக்கு ஏற்புடையது இது ஒன்றே.

இதே 2012-ஆம் ஆண்டில் வாஷிங்டன் அணிக்கு நேர்ந்தது நல்ல எடுத்துக்காட்டு. ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்கை இரண்டாவது இடத்தில் எடுப்பதற்காக, ஆறாவது இடத்திலிருந்த அந்த அணி அந்த ஆண்டின் முதல் இரண்டு சுற்று இடங்களோடு அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று இடங்களையும் செயிண்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு வாரிக் கொடுத்தது. அதே அணி நான்காம் சுற்றில் 102-ஆவதாக கர்க் கஸின்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் எடுத்தபோது, இத்தனை கொடுத்து ஒருவரை வாங்கிய பின் இன்னொருவர் எதற்கு என்று பலரும் எள்ளி நகையாடினார்கள். முதல் பருவ முடிவில் கிரிஃபின் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர். கேட்டவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள். 2013 ஜனவரி 6 அன்று, வேறு யாருடனும் இல்லை, சியாட்டிலுடனான நாக்அவுட் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் மடங்கியது. அதற்குப் பின் அவர் பழைய கிரிஃபினாக ஆகவே இல்லை. 2015-இல் வாஷிங்டனின் தலைமைக் குவார்ட்டர்பேக், நகைப்புக்கு ஆளான கஸின்ஸ். ஓராண்டு கழித்துக் கிரேடு போட்டால் ஒரு விடை, மூன்றாண்டு கழித்துப் போட்டால் நேர்மாறான விடை. இதில் முழங்காலைத் தவிர எதை மதிப்பிட்டோம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

இரண்டாவது கட்சி, "நிர்வாகத்தை நம்பு" கட்சி. சியாட்டில் ரசிகர்களிடம் 2012-இல் இதற்குக் கொஞ்சம் கையிருப்பு இருந்தது. 2010-இல் ஐந்தாம் சுற்றில் வந்த காம் சான்சலரும் 2011-இல் அதே ஐந்தாம் சுற்றில் 154-ஆவதாக வந்த ரிச்சர்ட் ஷெர்மனும் அதற்குள்ளாகவே களத்தில் காலூன்றியிருந்தார்கள். ஊர்ப் பட்டியல் பார்க்காததை இவர்கள் பார்க்கிறார்கள் என்பது வாதம். எதிர்த்தரப்போ, அப்படியானால் இரண்டு பருவங்களிலும் ஏழு வெற்றிக்கு மேல் ஏன் வரவில்லை என்று திருப்பிக் கேட்டது. அன்றைய நிலையில் இரண்டு தரப்புமே தம் கையிலிருந்த சான்றை நேர்மையாகத்தான் எடுத்து வைத்தன.

மூன்றாவது பூசல், தேவையா திறமையா என்பது பற்றியது. அணியில் எந்த இடம் காலியோ அதற்கு ஆள் எடுப்பதா, காலியிடத்தைப் பாராமல் இருப்பவர்களில் சிறந்தவரை எடுப்பதா? 2020-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி இதில் ஒரு பெரும்போரையே கிளப்பிவிட்டது. அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டம் வரை வந்து தோற்றிருந்த அந்த அணிக்குப் பந்து பிடிக்கும் ரிசீவர் ஒருவர் தேவை. அந்த ஆண்டு நல்ல ரிசீவர்களுக்குப் பஞ்சமும் இல்லை. அணியோ 30-ஆவது இடத்திலிருந்து 26-க்கு முன்னேற ஒரு நான்காம் சுற்று இடத்தையும் கொடுத்து, ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அங்கே குவார்ட்டர்பேக் இடத்தில் ஏற்கெனவே ஆரன் ராஜர்ஸ் என்ற மலை நின்றுகொண்டிருந்தது. கிரேடுகள் சரிந்தன. ராஜர்ஸ் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைத் தொடர்ந்து வாங்கியதால், குறைகூறியவர்கள் இரண்டு ஆண்டுகள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். மூன்று பருவங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லவ், ராஜர்ஸ் வெளியேறிய 2023-இல் களமிறங்கினார். அந்தப் பருவத்தின் பிளேஆஃப் எனப்படும் நாக்அவுட் சுற்றில் டல்லஸ் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 48-32 என்று பேக்கர்ஸ் வீழ்த்தியது. இப்போது போற்றுகிறவர்களும் உண்டு. ராஜர்ஸின் கடைசி நல்ல ஆண்டுகளில் ஒரு ரிசீவர் இருந்திருந்தால் கோப்பையே வந்திருக்குமே என்று இன்னமும் பொருமுகிறவர்களும் உண்டு. இரண்டாமவர் சொல்வதை எந்தப் புள்ளிவிவரத்தாலும் மறுக்க முடியாது, நிறுவவும் முடியாது.

நிர்வாகங்கள் பொதுமக்களைவிட எவ்வளவு தெளிவாகப் பார்க்கின்றன என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் டிராஃப்ட் தரவுகளை ஆராய்ந்தபோது, களத்தில் ஓர் ஆட்ட இடத்துக்காக எடுக்கப்பட்ட வீரர், அதே இடத்துக்கு அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 52 சதவீதம்தான் என்று கண்டார்கள். காசைச் சுண்டிப் போட்டால் கிடைப்பது 50. பணமும் ஆளும் மருத்துவ அறிக்கையும் கையில் வைத்திருக்கும் அணிகளின் நிலையே இது என்றால், அவர்களைக் குறைகூற அமர்ந்த நிபுணரின் நிலையையும், நிபுணரைக் குறைகூறும் ரசிகரின் நிலையையும் நாமே ஊகித்துக்கொள்ளலாம். இந்த ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தி, முன்வரிசை இடங்களுக்கு அணிகள் மிதமிஞ்சிய விலை கொடுக்கின்றன என்பது. அந்தக் கண்ணோடு பார்த்தால், ஒரு முன்னிடத்தைவிட்டு இறங்கிப் பல பின்னிடங்களைச் சேர்த்துக்கொண்ட சியாட்டிலின் 12-ஆவது இடப் பேரம், பழைய அட்டவணை காட்டும் 60 புள்ளி நட்டம் அளவுக்கு மோசமானதாக இராது. எந்த அளவுகோலை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்துக் கிரேடும் மாறுகிறது.

புதிதாக இந்த ஆட்டத்தைப் பின்தொடர்பவர் ஒரு கிரேடைக் கையில் எடுக்கும்போது, எழுத்தை விட்டுவிட்டு அதன் கீழே உள்ள பத்தியைப் படிப்பது நல்லது. "எங்கள் பட்டியலில் இவர் வெகு கீழே இருந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது விலையைப் பற்றிய குறை. "இவர் கால்வேகம் போதாது, எதிரி இடித்தால் தாங்க மாட்டார்" என்று எழுதியிருந்தால் அது வீரரைப் பற்றிய கணிப்பு. ஓராண்டு கழித்துச் சரிபார்க்கக் கூடியது. பின் சுற்றுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், கிரேடு போட்டவரும் அந்தச் சுற்றுகளின் வீரர்களைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 250 பேரையும் ஒருவர் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

சியாட்டிலின் அந்தச் செட்டுக்குப் பின்னாளில் மறு கிரேடு போட்டவர்கள் ஏ கொடுத்தார்கள், கூட ஒரு கூட்டல் குறியும் போட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கையும் எந்த ஆண்டோடு முடிப்பது என்பதில் ரசிகர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. 2022 மார்ச்சில் சியாட்டில் வில்சனை டென்வர் அணிக்குக் கொடுத்தது. வேக்னரை விடுவிக்கும் செய்தியும் அதே நாளில் வந்தது. வில்சனுக்கு ஈடாக வந்தவற்றில் இரண்டு முதல் சுற்று இடங்களும் இரண்டு இரண்டாம் சுற்று இடங்களும் அடக்கம். அவற்றில் ஒன்றைக் கொண்டு 2022-இல் ஒன்பதாவதாக சார்லஸ் கிராஸையும், இன்னொன்றைக் கொண்டு 2023-இல் ஐந்தாவதாக டெவன் விதர்ஸ்பூனையும் சியாட்டில் எடுத்தது. அந்த இரண்டு ஏப்ரல்களிலும் டிராஃப்ட் முடிந்த கையோடு புதிய கிரேடுகள் வெளிவந்தன.